மஞ்சள் கட்டம்

என் சகலை நான் படிக்கும் டேட்டாபேஸ் மாலை வகுப்பில் வந்து சேர்ந்த தேதி என் நோட்டில் இருக்கிறது. அன்றைய பக்கத்தில் மூன்று வரிகள்தான். டேபிள்களை இணைக்கும் பாடம் முடிந்தது. குடையைப் பேருந்தில் மறந்துவிட்டேன். அவனும் சேர்ந்துவிட்டான்.

குடை மறுநாள் கிடைத்துவிட்டது.

அவன் என் மனைவியின் அக்கா கணவன். என்னைவிட இரண்டு மாதம் இளையவன். ஆனால் மூத்தவளைக் கட்டியதால் மாமியார் வீட்டில் அவன் பெரிய மாப்பிள்ளை, நான் சின்ன மாப்பிள்ளை. அவன் என்னை 'நீ' என்பான். நான் அவனை 'நீங்க' என்று சொல்ல வேண்டும். "அக்கா வீட்டுக்காரர், மரியாதை குறையக் கூடாது" என்று கல்யாணமான புதிதிலேயே என் மனைவி உத்தரவு போட்டுவிட்டாள். அதனால் நேரில் நீங்க, நோட்டில் அவன். என்னால் முடிந்த கலகம் அவ்வளவுதான்.

அவன் செல்போன் பழுது பார்க்கும் கடையில் இருந்தான். எதையும் திறந்து பார்க்கும் கை. மாமியார் வீட்டு வாஷிங் மெஷின் நின்றுபோனபோது நான் அதன் கையேட்டைத் தேடி எடுத்து, பதினோராம் பக்கம் வரை படித்திருந்தேன். அவன் வந்தான், பின்பக்கம் குனிந்தான், ஏதோ ஒரு குழாயைத் திருகினான், ஓடியது. மாமியார் அந்தக் கதையை இன்னும் வருகிறவர்களிடமெல்லாம் சொல்கிறார். அதில் நானும் வருகிறேன், "புத்தகம் படிச்சிட்டிருந்தார்" என்ற இடத்தில்.

வகுப்பைப் பற்றி ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டு மேசையில் நானே வாயைத் திறந்ததுதான் வினை.

"டேட்டாபேஸா? சுவாரசியமா இருக்கே. நானும் வரேன் சகலை" என்றான், ஏதோ பக்கத்துக் கடைக்குக் கூட வருவது போல.

"போங்க பெரிய மாப்பிள்ளை, உங்க மூளைக்கு அதெல்லாம் தூசு" என்றார் மாமியார்.

என் மூளைக்கு அது என்ன என்று யாரும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

பகலில் நான் ஒரு விலங்கு மருத்துவமனையின் வரவேற்பு மேசையில் உட்கார்ந்திருக்கிறேன். மூன்று வருடமாகிறது. கூடையில் பூனை, தோளில் கிளி, சட்டைப் பைக்குள் வெள்ளெலி என்று வருவார்கள். வந்த விலங்கின் பெயர், வயது, எடை, உரிமையாளர், முன்பு போட்ட ஊசிகள் எல்லாவற்றையும் கம்ப்யூட்டரில் ஏற்றுவது என் வேலை. அதில் 'ஒவ்வாமை' என்று ஒரு கட்டம் உண்டு. எந்த மருந்து அந்த விலங்குக்கு ஆகாது என்று அதில் எழுத வேண்டும்.

அந்தக் கட்டத்தைப் பற்றி எனக்கு மட்டும் முதலில் தெரிந்த ஒரு விஷயம் இருந்தது. யாரும் தொடாத வரை அது மஞ்சளாக இருக்கும். ஏதாவது தட்டினால் வெள்ளையாகிவிடும், வெறும் ஸ்பேஸ் தட்டினாலும் கூட. வேலைக்குச் சேர்ந்த இரண்டாவது மாதம் இதைக் கவனித்தேன். உடனே ஒரு பழக்கம் ஏற்படுத்தினேன். உரிமையாளரிடம் கேட்டு, அவர் "ஒண்ணும் இல்லை" என்றால் ஒரு ஸ்பேஸ். கேட்கவில்லை என்றால் தொடாமல் விட்டுவிட வேண்டும். மஞ்சள் என்றால் கேள், வெள்ளை என்றால் போ. நர்ஸ்கள், டாக்டர்கள், மற்ற மூன்று கிளைகளின் மேசைக்காரர்கள் எல்லாரும் மெல்ல மெல்ல இதையே பின்பற்றினார்கள். எந்தக் கையேட்டிலும் கிடையாது. என் வாழ்க்கையில் நான் கண்டுபிடித்தது அது ஒன்றுதான். ஒன்றுதான் என்பதால் அதன் மேல் எனக்குக் கொஞ்சம் அதிகமான பற்று இருந்தது.

இந்த வருடம் தலைமை டாக்டரம்மா நான்கு கிளைகளையும் புதிய சிஸ்டத்துக்கு மாற்ற முடிவெடுத்தார். பழைய டேட்டாபேஸ் டேபிள் வகை. எல்லாக் கட்டமும் எல்லா விலங்குக்கும் உண்டு. கிளிக்குக்கூட 'கொம்பு' என்று ஒரு கட்டம் இருக்கும், காலியாக. புதியது டாக்குமென்ட் வகை. ஒவ்வொரு விலங்குக்கும் ஒரு பை மாதிரி, அதற்கு உள்ளது மட்டும் உள்ளே போகும். கிளியின் பையில் கொம்பு என்ற பேச்சே இருக்காது. ஒன்றிலிருந்து மற்றதற்கு எல்லாவற்றையும் சிந்தாமல் கொண்டு போக வேண்டும். எங்கள் மாலை வகுப்பில் அப்போது நடந்துகொண்டிருந்த பாடமும் அதுவே. டாக்டரம்மாவிடம் வகுப்பைப் பற்றிச் சொன்னவன் நான். வாத்தியாரை அழைத்துப் போய் அறிமுகம் செய்தவனும் நான்.

"உங்க வகுப்புல ரெண்டு பேர் தனித்தனியா செஞ்சு பார்க்கட்டும். யாரோடது நல்லா வருதோ அதை எடுத்துக்கலாம்" என்றார் டாக்டரம்மா. "நாலு கிளைக்கும் சேர்த்து டேட்டாவைப் பார்த்துக்க நிரந்தரமா ஒரு ஆள் வேணும். செய்றவரையே வச்சுக்கறேன்."

மாடியில் கோப்பு அறைக்குப் பக்கத்தில் அதற்கென்று ஒரு சிறிய அறையை ஒழித்து வைத்திருந்தார்கள். ஜன்னல் ஒன்று, மேசை ஒன்று, சுழலும் நாற்காலி ஒன்று. மதிய இடைவேளையில் இரண்டு தடவை போய் அதில் உட்கார்ந்து பார்த்தேன். உயரத்தைக்கூட எனக்குத் தகுந்தபடி சரி செய்துவிட்டு வந்தேன்.

வகுப்பில் வாத்தியார் "யார் யார்?" என்று கேட்டபோது நான் கையைத் தூக்கினேன். இன்னொரு கை எனக்குப் பின்னாலிருந்து வந்தது. திரும்பிப் பார்க்காமலே தெரிந்துவிட்டது.

நான் நான்கு வாரம் கேட்டேன். பழைய டேபிள்களில் மொத்தம் எழுபத்து நான்கு கட்டங்கள். ஒவ்வொன்றுக்கும் கட்டம் போட்ட தாளில் ஒரு பக்கம் ஒதுக்கினேன். பழைய பெயர், புதிய இடம், சந்தேகங்கள். சந்தேகங்களுக்கு ஒதுக்கிய இடம்தான் எப்போதும் போதவில்லை. ஒன்பதாவது நாள் நான் இருபத்து மூன்றாவது கட்டத்தில் இருந்தேன். அன்று மாலை அவன் லேப்டாப்பைத் திறந்து வாத்தியாரிடம், "கிட்டத்தட்ட முடிஞ்சிருச்சு சார்" என்றான். காதில் புகை வருவது என்பார்களே, எனக்குக் கண்ணாடியே மூடுபனி போட்டது.

இடைவேளையில் காபி மெஷின் அருகில் என்னைப் பிடித்தான். இரண்டு கப்பில் ஒன்றை என்னிடம் நீட்டினான். சர்க்கரை இல்லாமல். நான் சர்க்கரை போடுவதில்லை என்பது அவனுக்கு நினைவிருந்தது. அவன் போடுவானா மாட்டானா என்று எனக்குத் தெரியாது.

"சகலை, ஒரு விஷயம். ஒவ்வாமைக் கட்டத்தை எண்ணிப் பார்த்தேன். நானூத்திப் பன்னிரண்டுல மருந்து பேரு இருக்கு. எட்டாயிரத்து முந்நூத்தி இருபத்திரண்டுல ஒரே ஒரு ஸ்பேஸ். மிச்சம் மூவாயிரத்து நூத்திப் பன்னிரண்டு சுத்தமா காலி. ஸ்பேஸுக்கும் காலிக்கும் ஏதாவது வித்தியாசம் உண்டா? நீ அந்த மேசையில இருக்கறவன், உனக்குத்தான் தெரியும்."

சரியான கேள்வி. வேறு யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். நானாக இருந்தால்கூட எண்ணிப் பார்க்க இரண்டு நாள் ஆகியிருக்கும். என் மூன்று வருடத்தை அவன் ஒன்பது நாளில் வந்து தொட்டுவிட்டான். அதை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு, "இது என்ன?" என்று என்னிடமே கேட்கிறான். சொன்னால் அதுவும் அவனுடையதாகிவிடும்.

"அது பழைய சாஃப்ட்வேர் போடற குப்பை" என்றேன். "ரெண்டும் ஒண்ணுதான். ஸ்பேஸை வெட்டி விட்டுடுங்க."

"அப்பாடா. நல்லவேளை உன்னைக் கேட்டேன்" என்று என் தோளைத் தட்டிவிட்டுப் போனான்.

காபியை முழுவதும் குடித்தேன். அன்றைய நோட்டில் இந்தப் பேச்சை எழுதவில்லை. தினமும் எல்லாவற்றையும் எழுதுகிறவன் நான். அந்த இடத்தில் இரண்டு வரி இடைவெளி விட்டிருக்கிறேன்.

வியாழக்கிழமை காலை மருத்துவமனையிலேயே ஒப்பிட்டுப் பார்த்தோம். என் வேலை முடியவில்லை, நாற்பத்தோராவது கட்டத்தில் நின்றது. அதனால் ஒப்பிட ஒன்றுமில்லை, அவனுடையதைத்தான் பார்த்தார்கள். வாத்தியார் வாயில் மிட்டாயை ஒதுக்கிக்கொண்டு இரண்டு பக்கமும் எண்ணினார். பழையதில் பதினோராயிரத்து எண்ணூற்று நாற்பத்தாறு விலங்குகள். புதியதிலும் பதினோராயிரத்து எண்ணூற்று நாற்பத்தாறு.

"ஒரு எலிகூடத் தப்பலையே!" என்றார் வாத்தியார்.

டாக்டரம்மா தன் சொந்தப் பூனையின் பெயரைத் தட்டினார். அழகான திரை. படம், எடை, ஊசிகள் எல்லாம் ஒரே பக்கத்தில். கீழே தெளிவான எழுத்தில், 'ஒவ்வாமை: இல்லை'. பைக்குள் அந்தப் பேச்சே இல்லாவிட்டால் திரை 'இல்லை' என்று காட்டும்படி அவன் அமைத்திருந்தான். ஸ்பேஸும் காலியும் ஒன்றுதான் என்று நம்பியவன் வேறு எப்படி அமைப்பான்? கேட்டு இல்லை என்ற எட்டாயிரமும், கேட்கவே கேட்காத மூவாயிரமும் இப்போது ஒரே வரியில் நின்றன.

மூத்த நர்ஸ் எட்டிப் பார்த்தார். "இதுல மஞ்சளே காணோமே?"

"என்ன மஞ்சள் சிஸ்டர்?" என்றான் அவன். பிறகு என் பக்கம் திரும்பினான். "என்ன மஞ்சள்?"

நான் ஸ்டேப்ளருக்குள் பின்களை அடுக்கிக்கொண்டிருந்தேன். "பழைய திரையோட கலர்" என்றேன்.

"ஓ. கலரெல்லாம் அப்புறம் மாத்திக்கலாம் சிஸ்டர்."

"எனக்கு எதுக்கு கலர்? 'இல்லை'ன்னு தெளிவா எழுதியிருக்கே, இன்னும் வசதிதான்" என்று நர்ஸ் போய்விட்டார்.

சனிக்கிழமை ஒரே ஒரு சிகிச்சை அறையில் மட்டும் சோதனை, திங்கட்கிழமை நான்கு கிளைகளிலும் மாற்றம் என்று முடிவானது. சனிக்கிழமைப் பட்டியலைப் பார்த்தேன். அந்த அறைக்கு நகம் வெட்டுவதும் காது சுத்தம் செய்வதும்தான். ஊசியே இல்லை. ஆக, யாருக்கும் ஆபத்தில்லை என்று எனக்கு நானே கையெழுத்துப் போட்டுக்கொண்டேன். திங்கட்கிழமை ஒன்பது மணிக்கு, எல்லாரும் கூடியிருக்கும்போது, மாற்றத்துக்குச் சரியாக ஐந்து நிமிடம் முன்பு, நான் எழுந்து சொல்வதாகத் திட்டம். என்ன சொல்வது என்பதை நோட்டின் கடைசிப் பக்கத்தில் மூன்று விதமாக எழுதிப் பார்த்தேன். மூன்றாவதில் 'ஒரு சிறிய சந்தேகம்' என்று தொடங்கியிருந்தேன். பணிவாகவும் இருந்தது, குத்தவும் செய்தது. அவன் என்னிடம் கேட்டதைச் சொன்னால்? கேட்டதற்குச் சாட்சி காபி மெஷின் மட்டும்தான். அதையும் யோசித்துவிட்டேன் என்பதை இங்கே எழுதத்தான் வேண்டும்.

அன்று சாயங்காலம் என் மனைவி துணிகளுக்கு இஸ்திரி போட்டுக்கொண்டே சொன்னாள். "அக்கா பேசினா. அத்தானோடது ஓகே ஆயிடுச்சாமே. நீங்க சொல்லவே இல்லை?"

"சோதனை இன்னும் முடியலை."

"உங்களுக்கு வயித்தெரிச்சல்."

"எனக்கென்ன வயித்தெரிச்சல்? நான் எதார்த்தமா சொல்றேன்."

"அந்தச் சட்டையைப் பாருங்க" என்றாள். நான் மடித்துக்கொண்டிருந்த சட்டையை நான்காக, எட்டாக, கைக்குட்டை அளவுக்குக் கொண்டுவந்திருந்தேன். அவள் அதைப் பிடுங்கி உதறினாள். "அத்தானுக்குக் கிடைச்சா கிடைக்கட்டுமே. உங்களுக்கு ஏற்கனவே வேலை இருக்கு."

"ஐடியா என்னோடது."

"அதை அவர் இல்லைன்னா சொன்னார்? அக்காகிட்ட 'சகலை இல்லைன்னா எனக்கு இந்தக் கதவே தெரியாது'ன்னாராம்."

அதுவும் எனக்குப் பிடிக்கவில்லை. திட்டுவதற்கு ஒரு மூலையாவது விட்டுவைக்க வேண்டாமா ஒரு மனிதன்?

சனிக்கிழமை பத்தரை மணிக்குப் புயல் வந்தது. புயல் என்பது ஒரு நாய். நடக்கச் சொன்னால் உட்காரும், உட்காரச் சொன்னால் படுக்கும். அதன் சொந்தக்காரர் ஒரு தையல்காரம்மா, அளவு நாடாவைக் கழுத்திலிருந்து எடுக்காமலே நாயைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்திருந்தார். முன்னங்காலில் முள் ஏறி, சீழ் வைத்து, பந்து போல வீங்கியிருந்தது. பட்டியலில் இல்லாத வரவு. முதல் அறையில், பசு மாதிரி கத்திக்கொண்டே உள்ளே போன ஒரு பூனைக்கு ஆபரேஷன். அதனால் இளைய டாக்டர் புயலை இரண்டாம் அறைக்கு, சோதனை நடக்கும் அறைக்கு, அழைத்துக்கொண்டார்.

நான் ஒரு கிளியின் சீட்டை எழுதிக்கொண்டிருந்தேன். அறைக்கதவு பாதி திறந்திருந்தது. உள்ளே சகலையும் இருந்தான், திரை எப்படி ஓடுகிறதென்று பார்க்க. டாக்டரின் குரல் கேட்டது. "ஒவ்வாமை இல்லை. நல்லது. சிஸ்டர், பென்சிலின் எடுங்க."

அந்த நாயின் கட்டம் எனக்குத் தெரியும். போன வருடம் தடுப்பூசிக்கு அதைக் கூட்டி வந்தது பக்கத்து வீட்டுக்காரர். அவருக்கு நாயின் பெயரே சரியாகத் தெரியவில்லை, சூறாவளி என்றார். அவரிடம் என்ன கேட்பது என்று கட்டத்தைத் தொடாமல் விட்டேன். மஞ்சள். நானே விட்ட மஞ்சள்.

எழுந்தபோது கிளிக்கூண்டு என் முழங்கையில் இடித்துச் சாய்ந்தது. அதைப் பிடிக்கவில்லை.

"நிறுத்துங்க! கேட்கலை! அந்த நாயைக் கேட்கலை!"

ஊசியை வெளிச்சத்தில் பிடித்திருந்த நர்ஸ் திரும்பினார். "என்ன கேட்கலை? நாய்கிட்ட கேட்டுட்டா ஊசி போடணும்?"

"அம்மாகிட்ட. இந்த ஊசி அதுக்கு ஆகுமான்னு அம்மாகிட்ட யாரும் கேட்கலை."

தையல்காரம்மா டாக்டரையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். "பென்சிலினா? ஐயையோ, அது ஆகவே ஆகாது. குட்டியா இருந்தப்ப வேற இடத்துல போட்டு, மூஞ்சி பலூன் மாதிரி வீங்கி, மூச்சு நின்னே போச்சு. பிழைச்சதே பெரிசு. உங்க கம்ப்யூட்டர்ல இருக்கும்னுல்ல நினைச்சேன்?"

நர்ஸ் ஊசியைத் தட்டில் வைத்த சத்தம் எனக்குக் கேட்டது. புயல் மேசைமேல் நீட்டிப் படுத்து, எல்லாரையும் ஒரு தடவை பார்த்துவிட்டுக் கொட்டாவி விட்டது. வெளியே கிளி கத்திக்கொண்டிருந்தது. சகலை திரையில் 'இல்லை' என்ற சொல்லையே பார்த்துக்கொண்டு நின்றான். என்னைப் பார்க்கவில்லை.

வேறு மருந்து போட்டு, கட்டுக் கட்டி, தையல்காரம்மா போன பிறகு டாக்டரம்மா எங்கள் இருவரையும் தன் அறைக்குக் கூப்பிட்டார். மஞ்சள், வெள்ளை எல்லாம் அவருக்கும் தெரியும். இரண்டே நிமிடத்தில் புரிந்துகொண்டார்.

"மூவாயிரம் விலங்குக்கு நாம கேட்காத கேள்விக்கு 'இல்லை'ன்னு பதில் எழுதி வச்சிருக்கோம்" என்றார். "இது எப்படி நடந்துச்சு?"

நான் வாயைத் திறப்பதற்குள் சகலை பேசினான்.

"என் தப்பு டாக்டர். ஸ்பேஸ் இருந்ததை நான் பார்த்தேன். அர்த்தம் என்னன்னு மேசைக்காரங்ககிட்ட கேட்டிருக்கணும். கேட்கலை. அவசரப்பட்டுட்டேன்."

மேசை மேலிருந்த எலும்புக்கூட்டுப் பொம்மையின் விலா எலும்புகளை எண்ணிக்கொண்டிருந்தேன். நான்கு எண்ணும் வரை எனக்கு அப்பாடா என்றுதான் இருந்தது. பிழைத்தேன். மாடி அறைகூட இனி எனக்கே கிடைக்கலாம். ஐந்தாவது எலும்பில் வேறொன்று வந்தது. இந்த அறையில் நல்லவனாக இருப்பதற்கு ஒரே ஒரு இடம்தான் காலியாக இருந்தது, அதிலும் இவன் போய் உட்கார்ந்துவிட்டான். இனி ஆயுசு முழுவதும் ஞாயிற்றுக்கிழமைகளில் எதிரில் உட்கார்ந்து சாப்பிடுவான், ஒரு வார்த்தை சொல்ல மாட்டான், குழம்பை என் பக்கம் நகர்த்துவான். அந்தக் குழம்பை நான் எப்படி ஊற்றிக்கொள்வேன்?

மனசாட்சி என்று எழுத ஆசைதான். நோட்டில் பொய் எழுதக் கூடாது.

"அவர் கேட்டார்" என்றேன். "என்கிட்ட கேட்டார். எண்ணி வச்சுக்கிட்டு, சரியா கேட்டார். ரெண்டும் ஒண்ணுதான்னு நான் சொன்னேன். வேணும்னே சொன்னேன். வியாழக்கிழமை மஞ்சளைப் பத்திக் கேட்டப்பவும் மழுப்பினேன்."

டாக்டரம்மா கண்ணாடியைக் கழற்றினார். "ஏன்?"

"பொறாமை டாக்டர்."

"யார் மேல?"

"இவர் மேலதான்."

"எதுக்கு?"

எங்கே தொடங்குவது என்று தெரியாமல் வாஷிங் மெஷினிலிருந்து தொடங்கினேன். மூன்றாவது காரணத்தில் அவர் கையைக் காட்டி நிறுத்திவிட்டார்.

"அந்த நாய் மேசையிலேயே செத்திருக்கும். அது உனக்குத் தெரியுதா?"

"தெரியுது."

"கத்தினதும் நீதான். அதனாலதான் இந்த மருத்துவமனையில இன்னும் நிக்கறே" என்றார். கண்ணாடியை மறுபடி போட்டுக்கொண்டார். பிறகு சகலையிடம் சொன்னார்: "பழைய டேட்டா அப்படியே இருக்குல்ல? திரும்பச் செய்யுங்க. மாடி அறை உங்களுக்கு." என்னிடம்: "நீ கீழயே இரு. கேட்காம விட்ட மூவாயிரத்து நூத்திப் பன்னிரண்டு பேரையும் நீ கேட்டு முடிக்கணும். ஒண்ணு விடாம."

புயலைக் கழித்தால் மூவாயிரத்து நூற்றுப் பதினொன்று. அதைச் சொல்லவில்லை.

வெளியே தாழ்வாரத்தில் நடந்தோம். காலி கூண்டுகளை அடுக்கி வைத்திருக்கும் இடத்தில் அவன் நின்றான். அவன் முகம் அப்படிச் சிவந்து நான் பார்த்ததில்லை.

"அறிவிருக்கா உனக்கு? என் மேல கோபம்னா என்னைத் திட்டு. ஒரு அறைகூட விடு. அந்த நாய் என்னடா பண்ணுச்சு?"

"தப்புதான்."

"அந்தம்மா கையில தூக்கிட்டு வந்ததைப் பார்த்தேல்ல?"

"பார்த்தேன்." பிறகு கேட்டேன், "நீங்க ஏன் உங்க தப்புன்னு சொன்னீங்க?"

"பின்ன? உள்ள வச்சு உன்னை மாட்டி விட்டுட்டு, நாளைக்கு அத்தை வீட்ல எந்த மூஞ்சியோட உன் எதிர்ல உட்காருவேன்? ரெண்டு அக்கா தங்கச்சியும் பேசாம போயிடுவாங்க. ஒரு வேலைக்காக இதெல்லாம் தேவையா?"

நான் யோசிக்காமல் கேட்டுவிட்டேன். "நீங்க எப்பவாவது என்னைப் பார்த்துப் பொறாமைப்பட்டிருக்கீங்களா?"

அவன் கோபத்தை மறந்து என்னைப் பார்த்தான். "எதுக்கு?" என்றான்.

குத்தலுக்குக் கேட்கவில்லை. நிஜமாகவே தெரியாமல் கேட்டான். அதற்கு அவன் ஒரு அறையே விட்டிருக்கலாம்.

சனிக்கிழமை மதியமே மாற்றி எழுதிவிட்டான். நாற்பது நிமிடம். இப்போது ஒவ்வாமைக்கு மூன்று நிலைகள்: மருந்தின் பெயர், கேட்டாயிற்று இல்லை, இன்னும் கேட்கவில்லை. மூன்றில் ஒன்று கட்டாயம் பைக்குள் இருந்தே ஆக வேண்டும், இல்லாவிட்டால் பை மூடாது. கடைசிக்கு மஞ்சள். எந்த மஞ்சள் என்று மாடியிலிருந்து இறங்கி வந்து என்னைக் கேட்டான். பழையதைவிட ஒரு பங்கு அடர்த்தியாக இருக்கட்டும் என்றேன். சிஸ்டத்துக்கான கையேட்டில் முதல் பக்கத்திலேயே இந்த விதியை எழுதி, 'இந்த வழக்கத்தை ஏற்படுத்தியது வரவேற்பு மேசை' என்று சேர்த்திருந்தான். எழுத்துப் பிழை இருக்கிறதா என்று இரண்டு தடவை படித்துப் பார்த்தேன். இல்லை.

அடுத்த இரண்டு வாரத்தில் சிகிச்சைக்கு வர வேண்டிய மஞ்சள்கள் மட்டும் நூற்று இருபத்திரண்டு. அவர்களை உடனே கேட்டாக வேண்டும். ஞாயிற்றுக்கிழமை மாமியார் வீட்டுக்குப் பட்டியலைக் கொண்டு போனேன். சாப்பாடு முடிந்ததும் கூடத்து மூலையில் போனோடு உட்கார்ந்தேன். முதல் அழைப்பு ஒரு ஆமையின் சொந்தக்காரர். இரண்டாவதை முடிப்பதற்குள் சகலை நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு வந்தான்.

"அடியிலிருந்து நான் வரேன். மேலேருந்து நீ வா."

"டாக்டர் என்னைத்தான் செய்யச் சொன்னாங்க."

"சொன்னாங்க. போனை எடு."

என் மனைவியும் அவள் அக்காவும் சமையலறை வாசலில் நின்று பார்த்தார்கள். அவர்களுக்கு எவ்வளவு தெரியும் என்று எனக்குத் தெரியவில்லை. மாமியார் மட்டும், "ஞாயித்துக்கிழமைகூட பெரிய மாப்பிள்ளைக்கு ஓய்வில்லை பாரு" என்றார்.

"இது என் வேலை இல்லை அத்தை, சகலையோடது. நான் சும்மா எடுபிடி" என்றான் அவன், ஒரு முயலின் சொந்தக்காரரைக் காத்திருக்க வைத்துவிட்டு.

மாமியார் என்னைப் பார்த்தார். முதல் தடவையாகப் புத்தகம் இல்லாமல் பார்த்தார் என்று தோன்றியது. அது அவன் கொடுத்தது என்பதால் பாதிதான் சந்தோஷம்.

ஐந்தரை மணிக்குப் பட்டியல் நடுவில் வந்து முட்டியது. ஒன்பது விலங்குகளுக்கு ஒவ்வாமை இருந்தது, இதுவரை எங்கும் எழுதப்படாமல். அந்த ஒன்பதையும் சிவப்பால் வட்டமிட்டேன். ஒரு குதிரையும் இருந்தது. குதிரைக்காரர் என்னிடம், "நல்ல நேரத்துல கேட்டீங்க, புதன்கிழமை கூட்டிட்டு வரதா இருந்தேன்" என்றார். நன்றி வேறு சொன்னார். அதை வாங்கி வைத்துக்கொள்ள எனக்கு இடமில்லாமல் இருந்தது.

பிறகு பழக்க தோஷத்தில் யார் எத்தனை என்று எண்ணினேன். நான் அறுபத்து நான்கு. அவன் ஐம்பத்தெட்டு. அவன் ஒவ்வொருவரிடமும் நாய் சாப்பிடுகிறதா, பூனை தூங்குகிறதா என்று பேசிக்கொண்டே இருந்தான், அதில்தான் பின்தங்கிவிட்டான்.

அவனிடம் சொல்லவில்லை. வீட்டுக்குப் போகும் பேருந்தில் என் மனைவியிடம் சொன்னேன்.

"ஆறு ஜாஸ்தி" என்றேன்.

அவள் என்னை ஒரு நிமிடம் பார்த்தாள். "எழுதி வச்சுக்கோங்க" என்றாள்.

எழுதி வைத்திருக்கிறேன். காபி மெஷினுக்காக விட்டிருந்த அந்த இரண்டு வரியையும் இன்று நிரப்பிவிட்டேன். இடம் போதாமல் ஓரத்தில் ஏறி இறங்கிப் போகிறது. இன்னும் இரண்டாயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பத்தொன்பது மஞ்சள்கள் இருக்கின்றன. நாளை எட்டு மணிக்குத் தொடங்க வேண்டும். அவன் ஒன்பதுக்குத்தான் வருவான்.